நியாண்டர் குகையும் தஞ்சை விண்ணப்பமும்: வேதநாயக சாஸ்திரியார் வரலாற்றை நடுநிலையில் எழுதுதல்

முன்னுரை

வுப்பர்டால் நகருக்கு மேற்கே டுசல் என்னும் சிற்றாறு பாயும் பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. 1856ஆம் ஆண்டில் அங்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய தொழிலாளர் சில எலும்புகளைக் கண்டெடுத்தனர். இன்று வுப்பர்டாலின் ஒரு பகுதியாக விளங்கும் எல்பர்ஃபெல்டில் பள்ளியாசிரியராக இருந்த யோகான் கார்ல் ஃபூல்ரோட் என்பார் அவற்றின் பழமையை உணர்ந்து உலகிற்கு அறிவித்தார். நியாண்டர்தால் மனிதன் என்னும் பெயர் அவ்வாறே பிறந்தது. அப்பள்ளத்தாக்கிற்குத் தன் பெயரை ஈந்தவர் தொல்லியலாளரும் அல்லர், மன்னரும் அல்லர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோவாகிம் நியாண்டர் என்னும் கிறித்தவப் பாவலர். நியாண்டர் என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் 'புது மனிதன்' என்று பொருள். மிகப் பழைய மனிதனுக்குப் புது மனிதனின் பெயர் வாய்த்தது வரலாற்றின் குறும்புகளுள் ஒன்று.

நியாண்டரின் வரலாற்றில் நெடுங்காலம் வழங்கிய கதை ஒன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அவர் 1650இல் பிரேமனில் பிறந்தார். 1674இல் டுசல்டார்ஃப் நகரின் சீர்திருத்தத் திருச்சபைசார் இலத்தீன் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். தனிக்கூட்டங்கள் நடத்தியமையாலும் திருவிருந்தில் கலந்துகொள்ளாமையாலும் சபையாரோடு முரண்பட்டுப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். விலக்கப்பட்ட அவர் ஒரு கோடைகாலம் முழுவதும் அப்பள்ளத்தாக்கின் குகையில் தங்கிப் பாடல்கள் புனைந்தார் என்பது கதை. ஆவணங்கள் கூறுவது வேறு. 1677ஆம் ஆண்டு பிப்பிரவரி 3ஆம் நாள் அவர் இடைநிறுத்தம் பெற்றார். அதே மாதம் 17ஆம் நாள் சபையார் விதித்த உறுதிமொழியில் எவ்வித மறுப்புமின்றிக் கையெழுத்திட்டார். இடையில் இருந்தவை பதினான்கு நாள்கள், அவையும் கடுங்குளிர்காலம். 1679இல் பிரேமனுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டே தம் முப்பதாம் அகவையில் மறைந்தார். அவருடைய பாடல் தொகுதி வெளிவந்ததும் அவ்வாண்டே.

குகையை விரும்பியோர் கையெழுத்தை மறந்தனர். பக்தியுள்ள வரலாற்றாசிரியருக்குக் குகை இனிது. கையெழுத்து இடர் தருவது. பணிந்துபோன இளைஞன் ஒருவன் உயர்ந்த பாடல்களைப் புனைந்திருக்கக்கூடும் என்பதை ஏற்க அவர்கள் மனம் ஒப்பவில்லை. கிறித்தவ இசைவாணர் ஒருவரின் வரலாற்றை நடுநிலையில் எழுதுவதில் உள்ள இடர் முழுவதும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றது. தமிழில் இவ்விடரை மிகக் கூர்மையாக எழுப்புபவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864). அவர் வரலாற்றிலும் குகைகள் உண்டு, கையெழுத்துகளும் உண்டு.

பொதுவாக அறியப்பட்டவை

தமிழ் மாணாக்கரிடையேயும் அடிக்கடி நேரும் மயக்கம் ஒன்றை முதலில் நீக்கிவிடல் நன்று. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவரும் சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் பாடியவருமான மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826 – 1889) கத்தோலிக்கர்; முன்சீபாகப் பணியாற்றியவர். நாம் பேசும் வேதநாயகர் சீர்திருத்தச் சபையினர்; அவருக்கு ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட மூத்தவர்.

சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அருணாசலம் பிள்ளை கிறித்தவம் தழுவித் தேவசகாயம் எனப் பெயர் பெற்று உபதேசியாராகப் பணிபுரிந்தவர். தென்பாண்டிச் சீமைக்கு வந்த கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் பன்னிரண்டு அகவையை எட்டும் பருவத்தில் இருந்த சிறுவனைத் தம்முடன் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். தஞ்சையில் அப்போது சுவார்ட்ஸின் காப்பில் வளர்ந்த மற்றொரு சிறுவர் பின்னாளில் இரண்டாம் சரபோஜி மன்னரானார். தரங்கம்பாடியில் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான் முதலியோரிடம் சில காலம் பயின்று திரும்பிய வேதநாயகர், பத்தொன்பதாம் அகவையில் தஞ்சைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். மரபிலக்கணம், வானியல், புவியியல், உடலியல் ஆகியவற்றை ஒருங்கே கற்ற முதல் தமிழ்த் தலைமுறையைச் சார்ந்தவர் அவர்.

1800இல் எழுந்த பெத்லகேம் குறவஞ்சி இக்கல்வியின் விளைவு. தலைவி மயங்குதல், குறத்தி வருகை, குறி கூறல், சிங்கன் சிங்கி உரையாடல் என்னும் குறவஞ்சியின் உறுப்புகள் வழுவாது அமைய, தலைவனாகக் கிறிஸ்து உலா வருகின்றார். அதே நூலில் சூரியனை நடுவாகக் கொண்ட கோப்பர்னிக்கஸ் கொள்கையும் உலக நாடுகளின் விவரமும் இடம்பெறுகின்றன. இந்திரா விசுவநாதன் பீட்டர்சன் இந்நூலைத் தஞ்சை அரண்மனையின் அறிவுச்சூழலோடு இணைத்து ஆராய்ந்துள்ளமை அறிஞர் அறிந்ததே. பெருவுடையார் கோயிலில் ஆடப்பெற்ற சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை இதனோடு அருகில் வைத்துப் படிப்போர், ஒரே நகரில் ஒரே இலக்கிய வடிவம் இரு வேறு திருமுற்றங்களுக்குப் பயன்பட்டதைக் காண்பர். ஞானத்தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், செபமாலை, பராபரன் மாலை, சகுனம் முதலிய மூடவழக்கங்களை எள்ளும் சாஸ்திரக் கும்மி என அவர் படைப்புகளின் வரிசை நீளும். இவை பலராலும் எழுதப்பட்டவையாதலின் ஈண்டு விரிக்கவில்லை.

குகைகள்

குடும்ப மரபிலும் சபை மரபிலும் எழுந்த வரலாறுகள் சாஸ்திரியாரை ஒரே வார்ப்பில் காட்டுகின்றன. மன்னர் தம் இட்டதெய்வத்தின்மீது பாடுமாறு வேண்டினார் என்றும், தோழமையையும் பரிசிலையும் பொருட்படுத்தாது சாஸ்திரியார் மறுத்தார் என்றும் கூறும் கதை இவற்றுள் தலையாயது. இதனைப் பொய் எனத் தள்ளவும் சான்றில்லை. நடந்தது என எழுதவும் அக்காலச் சான்று வேண்டும். அரசவையில் பாட மறுக்கும் அடியவர் என்னும் கதைக்கூறு நம் மரபுக்குப் புதிதன்று. சைவ வைணவ அடியார் வரலாறுகளிலும், திருவையாற்றுத் தியாகராசரைப் பற்றிய வழக்கிலும் அது வருவதே. தியாகராசரை அழைத்ததாகக் கூறப்படும் மன்னரும் பெரும்பாலும் சரபோஜியே என்பதை எண்ணும்போது, தஞ்சை மண்ணில் ஒரு கதைவார்ப்பு இருந்தது என்றும் இரு சமயத்தாரும் தத்தம் இசைவாணரை அதில் ஊற்றினர் என்றும் கருத இடமுண்டு. நடுநிலை வரலாற்றாசிரியர் இக்கதையை நீக்க வேண்டியதில்லை. இது எவரிடையே, எக்காலத்தில், எதற்காகச் சொல்லப்பட்டது என்று கேட்டால் அதுவே ஒரு சான்றாகிவிடும்.

மறுபுறத்தில் அயலார் எழுப்பிய குகையும் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஊழியருக்கு எதிராகத் தமிழிசையைக் காத்த நாட்டுப்பற்றாளர் என்னும் படிமம் அது. 20ஆம் நூற்றாண்டில் இந்தியத் திருச்சபை தன் மண்சார் அடையாளத்தைத் தேடியபோது இப்படிமம் வலுப்பெற்றது. இதில் உண்மை மிகுதியும் உண்டு. ஆனால் அவர் ஐரோப்பியரை எதிர்த்தார் என்பது பாதி உண்மை. எந்த ஐரோப்பியரை, எந்த ஐரோப்பியரின் பெயரால் எதிர்த்தார் என்பதே மறுபாதி. அவர் புதிய ஊழியரை எதிர்த்தது மறைந்துபோன சுவார்ட்ஸின் பெயரால். புதிய வேதமொழிபெயர்ப்பை எதிர்த்தது ஜெர்மானியரான பப்ரீசியுஸின் மொழிபெயர்ப்பைக் காக்கும் பொருட்டு.

1829: நான்கு குறைகள்

இனிக் கையெழுத்தை நோக்குவோம். 1820களின் பிற்பகுதியில் தஞ்சைச் சபையின் பொறுப்பு இளைய ஊழியர் கைக்கு மாறியது. டேனியரான ஹாப்ரோ ஐயர் தஞ்சையில் இருந்தார். திருநெல்வேலியில் பிரஷ்யரான ரேனியுஸ் ஐயர் செல்வாக்குப் பெற்றிருந்தார். சாதி வேறுபாட்டைச் சபைக்குள் சிறிதும் விடலாகாது என்பது இவர்கள் உறுதி. சுவார்ட்ஸ் காலத்தில் கோயிலின் ஒருபுறம் வேளாளர் முதலியோரும் மறுபுறம் பறையர் வகுப்பினரும் அமர்ந்தனர். நாளடைவில் இது மறையும் என்று மூத்தோர் பொறுத்திருந்தனர். இளையோர் பொறுக்கவில்லை.

இதற்கு எதிராகச் சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் 1829ஐ ஒட்டி எழுதிய விண்ணப்பங்களும் உரையாடல்களும் ஒருங்கு திரட்டப்பெற்ற கையெழுத்துச் சுவடி இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. டென்னிஸ் ஹட்சன் 2000இல் வெளியிட்ட தமிழ்ச் சீர்திருத்தக் கிறித்தவரின் தொடக்க வரலாறு பற்றிய நூல் இச்சுவடியை விரிவாகப் பயன்படுத்தியது. புதிய ஊழியர் இழைத்த கொடுமைகளாக அதில் நான்கு கூறப்படுகின்றன: வேதமொழிபெயர்ப்பை மாற்றியமை, சாதிகளை வலிந்து ஒன்றாக்கியமை, விழாவிலும் திருமணத்திலும் அடக்கத்திலும் மலரைத் தடுத்தமை, தமிழ்க் கீர்த்தனைகளை வழிபாட்டினின்று விலக்கியமை.

சாஸ்திரியார் வரலாற்றை எழுதப் புகுவோர் அனைவரும் சறுக்கும் இடம் இதுவே. இசை பற்றிய குறையை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் பண்பாட்டுப் போராளியாகின்றார். சாதி பற்றிய குறையை மட்டும் எடுத்துக்கொண்டால் உயர்வு தாழ்வைக் காத்த வேளாளக் கிழவராகின்றார். நமக்குக் கிடைக்கும் வரலாறுகள் பலவும் இவ்விரண்டில் ஒன்றையே தெரிந்து கொள்கின்றன. முதல் வகையினர் சாதிச் செய்தியை ஒரு வரியில், 'அக்கால வழக்கம்' என்று கூறிக் கடந்துவிடுகின்றனர். அக்காலம் என்பது ஒரே குரலில் பேசவில்லை என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

ஆனால் விண்ணப்பத்தில் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே மூச்சில் வருகின்றன. எழுதியவருக்கு அவை நான்கு பொருள்கள் அல்ல, ஒரே பொருள். பப்ரீசியுஸின் மொழி, தன் குடியின் இருக்கை, மணப்பந்தல் மலர், தான் புனைந்த கீர்த்தனை ஆகிய யாவும் சேர்ந்ததே அவர் கண்ட தமிழ்க் கிறித்தவ வாழ்வு. கிறித்தவராவதற்கு எதனை விடவேண்டும், எதனை விடவேண்டியதில்லை என்னும் வினாவிற்கு அவர் அளித்த விடை அது. அவர் பார்வையில் சாதி சமயம் சார்ந்ததன்று, குடிமை வழக்கு. தூய்மையும் உணவும் பற்றிய வேறுபாடு என்றும், ஐரோப்பியரும் தம்முள் மேல்கீழ் வேறுபாடு பாராட்டுவோரே என்றும் அவர் தரப்பு வாதிட்டது. இவ்வாதத்தின் பிற்பகுதி கூர்மையானது. ஐரோப்பியர் அதற்கு எளிதில் விடை கூறியிருக்க இயலாது. முற்பகுதியோ, மறுபுறத்தில் அமர்த்தப்பட்டவரிடம் ஒருபோதும் கேளாத வாதம்.

அம்மறுபுறத்தைப் பற்றி நம்மிடம் உள்ளவை மிகக் குறைவு. அவர்கள் எழுதிய விண்ணப்பம் இத்தகைய சுவடியாகத் திரண்டு நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் அவர்கள் குரலற்றவராகவே இருந்தனர் எனக் கொள்வது பிழை. ஒரு நூற்றாண்டுக்கு முன், தஞ்சைப் படையில் பணிபுரிந்த இராசநாயக்கன் என்னும் பறையர் குலத்தவர் உபதேசியாராகித் தஞ்சைச் சீமையில் சபைகளை வளர்த்தார். 1733இல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அருட்பொழிவு பெற்றபின், அடுத்தவர் யார் என்னும் வினா எழுந்தபோது இராசநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. அவர் கையால் இராப்போசனம் பெற வேளாளர் ஒப்பார் என்று அஞ்சப்பட்டது. 1741இல் குருப்பட்டம் தியோகோ என்பாருக்குச் சென்றது. சாஸ்திரியாரின் 1829ஆம் ஆண்டு விண்ணப்பத்தை இராசநாயக்கனின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தாலன்றி, அவ்விருக்கை வேறுபாட்டின் விலையை யார் கொடுத்தனர் என்பது விளங்காது. இசைவாணரின் வரலாற்றில் இசைக்குத் தொடர்பற்ற உபதேசியார் ஒருவருக்கு ஏன் ஒரு பத்தி என்று கேட்போர் உண்டு. அப்பத்தி இல்லாத வரலாறு, பாடியவரை மட்டும் அறிந்து, கோயிலில் எங்கிருந்து கேட்க வேண்டும் என்று பிறரால் பணிக்கப்பட்டவரை அறியாத வரலாறாகும்.

மறுதரப்பாரின் கணக்கு

நடுநிலை என்பது ஊழியரையும் விசாரிப்பதாகும். சாதியை எதிர்த்த இளைய ஊழியர் ஏன் அதே மூச்சில் கீர்த்தனையையும் மலரையும் எதிர்த்தனர்? சமத்துவத்திற்கும் மல்லிகைச் சரத்திற்கும் என்ன பகை? அவர்களும் நான்கையும் ஒரே பொருளாகவே கண்டனர் என்பதே விடை. தமிழ்க் குடிமை வழக்கம் யாவும் புறச்சமயத்தின் எச்சம் என்று அவர்கள் கருதினர். சாஸ்திரியார் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் காத்தார். அவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி எறிய முயன்றனர். முடிச்சை அவிழ்க்க இருதரப்பாரும் முன்வரவில்லை.

இங்கு வுப்பர்டாலை மீண்டும் நினைவுகூர்வது பொருத்தம். இந்நகரின் பார்மன் பகுதியில் ரைன் மிஷன் சங்கம் தோன்றிய ஆண்டு 1828. தஞ்சைப் பூசல் முற்றிய காலமும் அதுவே. இச்சங்கத்தின் களங்கள் தென்னாப்பிரிக்கா, போர்னியோ, சுமத்திரா, சீனா முதலியன. தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலையில் 1830இல் நிறுவிய ஊருக்கு அவர்கள் வுப்பர்டால் என்றே பெயரிட்டனர். சுமத்திராவில் பாத்தாக் மக்களின் கொண்டாங் என்னும் பறையிசையை அவர்கள் நெடுங்காலம் சபைவாழ்விலிருந்து விலக்கி வைத்தனர். அவ்விசை முன்னோர் வழிபாட்டோடு பிணைந்தது என்பது காரணம். பார்மனிலிருந்து சென்றோரும் தஞ்சைக்கு வந்தோரும் வெவ்வேறு சங்கத்தார். ஆயினும் ஐயம் ஒன்றே.

அந்த ஐயத்தின் பிறப்பிடத்தை உள்ளிருந்தே சாடியவரும் இந்நகரத்தாரே. 1839இல் பதினெட்டு அகவை இளைஞர் ஒருவர் பெயர் வெளியிடாமல் 'வுப்பர்டாலிலிருந்து கடிதங்கள்' என்னும் தொடரை ஓர் இதழில் எழுதி, நெசவாலை முதலாளிகளின் பக்தியையும் தொழிலாளரின் அவலத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார். பார்மனில் 1820இல் பிறந்த பிரெடரிக் எங்கெல்ஸே அவர். அக்கடிதங்களை மட்டும் படித்தால் இந்நகரின் பக்தி இயக்கம் வெறும் போலி எனத் தோன்றும். மிஷன் அறிக்கைகளை மட்டும் படித்தால் அதே இயக்கம் தியாகமே வடிவாகத் தோன்றும். இருவகைத் தாள்களும் ஒரே தெருவிலிருந்து எழுந்தவை. ஆலை முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலிருந்த தொலைவைத் தம் ஊரில் கண்டும் காணாதிருந்த சமூகம், தஞ்சையின் இருக்கை வேறுபாட்டைக் கண்டவுடன் அதிர்ந்தது என்று எழுதத் தோன்றும். அவ்வாறு எழுதினால் அது ரேனியுஸுக்கு அநீதி. அவர் பார்மனைச் சார்ந்தவர் அல்லர். திருநெல்வேலியில் அவர் நடத்திய பள்ளிகளில் பல சாதி மாணாக்கரை ஒருங்கு உண்ணவைக்க அவர் பட்ட பாடு உண்மையான பாடு.

ஐரோப்பியத் தரப்பும் ஒருமுகமாக இல்லை. கல்கத்தாப் பேராயர் ஹீபர் 1826 மார்ச்சில் தஞ்சைக்கு வந்து உயிர்ப்புப் பெருநாளைக் கொண்டாடினார். தாமும் பாவலரான அவர் இருக்கை வேறுபாட்டைக் குடிமை வழக்காகக் கருதிப் பொறுத்துக்கொள்ளும் பக்கமே சாய்ந்தார். ஏப்பிரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் நீராடுகையில் இறந்தார். பேராயர் டேனியல் வில்சன் 1833 சூலையில் விடுத்த சுற்றறிக்கை நேர்மாறாக, சாதி வேறுபாட்டை உடனே முற்றிலும் கைவிடுமாறு பணித்தது. 1835 தொடக்கத்தில் அவரே தஞ்சைக்கு வந்தார். வேளாளர் பலர் சபையை விட்டு நீங்கினர். அவர்களுள் ஒரு பகுதியினர் பின்னர்த் தரங்கம்பாடிக்கு வந்த லைப்சிக் லுத்தரன் ஊழியரிடம் சேர்ந்தனர். அச்சங்கத்தின் இயக்குநர் கார்ல் கிரவுல், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் என்னும் சிறப்பால் நமக்கு நன்கு அறிமுகமானவர். சாதி வழக்கில் பொறுமை வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. தமிழ்ப் பண்பாட்டைப் போற்றிய ஐரோப்பியர் சாதியைப் பொறுத்ததும், சாதியை எதிர்த்தோர் பண்பாட்டை ஐயுற்றதும் அக்காலத்தில் மீண்டும் மீண்டும் காணப்படும் இணைவு. தமிழியல் மாநாடுகளில் கிரவுலைப் புகழும்போது நாம் இதனைச் சொல்வதில்லை.

சாஸ்திரியார் 1829ஐ ஒட்டித் தம் ஆசிரியப் பணியை இழந்தார். அவருக்குக் கைகொடுத்தவர் சரபோஜி மன்னர். கிறித்தவச் சபையால் விலக்கப்பட்ட கிறித்தவப் பாவலர் இந்து மன்னரின் ஆதரவில் கிறிஸ்துவைப் பாடினார் என்பது, மன்னரைப் பாட மறுத்தார் என்னும் கதையைவிட வியப்பானது, சான்றுடையதும் ஆகும். 1832இல் மன்னர் மறைந்தார்.

1853: முடிச்சு அவிழ்ந்த இடம்

இருதரப்பாரும் அவிழ்க்காத முடிச்சை அவிழ்த்தவர் மூன்றாமவர். மதுரைச் சீமையில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் 1847இல் மிகக் கடுமையான விதி ஒன்றை வகுத்தது: சபையில் இருப்போர் சாதியை முற்றும் துறக்க வேண்டும், உடனுண்ண மறுப்போருக்கு இடமில்லை. உபதேசியார் பலர் பணியிழந்தனர். வில்சனின் சுற்றறிக்கையினும் கடியது இது. அம்மிஷனைச் சார்ந்த எட்வர்டு வெப் ஐயரே, சில ஆண்டுகள் கழித்து, தமிழர் தமிழ் மெட்டிலேயே பாடவேண்டும் என உணர்ந்து, முதிய சாஸ்திரியாரிடம் சென்று கீர்த்தனை மரபை அறிந்துகொண்டார். 1853இல் அவர் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுதியில் சாஸ்திரியாரின் பாடல்கள் பெரும்பங்கு பெற்றன.

இந்நிகழ்ச்சி வரலாறுகளில் ஒரு வெற்றிச் செய்தியாக, ஓரிரு வரிகளில் இடம்பெறும். அதன் முழுப்பொருளும் 1829ஐ அருகில் வைத்தால்தான் தோன்றும். தென்னிந்தியாவில் சாதியை மிகக் கண்டிப்பாக எதிர்த்த மிஷன்களுள் ஒன்று, சாதி இருக்கைக்காக வாதிட்டுப் பணியிழந்த பாவலரின் பாடல்களை அச்சிட்டுச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றது. அவர் ஒரே கட்டாகக் கட்டிய நான்கில் ஒன்றை உருவி எடுத்து, மற்றொன்றை மறுத்தது. சாஸ்திரியார் அப்போது எழுபத்தொன்பதை எட்டிக்கொண்டிருந்தார். தம் பாடல் உடனுண்ணும் சபைகளில் பாடப்படும் என்பதை அறியாதவராக அவர் இருந்திருக்க இயலாது. ஆயினும் தடுத்தாரல்லர், உதவினார்.

இதனைக் கொண்டு அவர் மனம் மாறினார் என்று எழுதுவது இன்னொரு குகையைத் தோண்டுவதாகும். தம் விண்ணப்பத்தை அவர் பிற்காலத்தில் மறுத்தார் என்பதற்குச் சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தம் கொள்கையை விடாமலே, தம் பாடல் தம் கொள்கையைக் கடந்து செல்ல அவர் இசைந்தார் என்பது வரையில் எழுதலாம். அதற்கு மேல் எழுதுவது பக்தி. அதற்குக் குறைத்து எழுதுவது பகை.

தஞ்சையிலேயே வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதரின் (1859 – 1919) வரலாற்றை எழுதுவோருக்கு இத்துணை இடர் இல்லை. 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவியவரும் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டவருமான அவரைக் கிறித்தவர் கிறித்தவராகவும், இசையறிஞர் இசையறிஞராகவும், சித்த மருத்துவர் மருத்துவராகவும் பகிர்ந்துகொண்டனர். அவரைக் குறித்த பூசல் சுருதிகள் இருபத்திரண்டா இருபத்துநான்கா என்பது. அதற்குக் காதே நடுவர். சாஸ்திரியாரைக் குறித்த பூசலுக்கு அத்தகைய நடுவர் இல்லை. ஆகவே அவரைப் பகிர்ந்துகொள்வோர் தத்தமக்கு வேண்டிய பாதியையே வெட்டிக்கொள்கின்றனர்.

செய்யவேண்டியவை

ஹாலே நகரின் பிராங்கே நிறுவனத்தில் உள்ள தரங்கம்பாடி மிஷன் ஆவணங்கள், இலண்டன் சுவடி, ஆங்கிலத் திருச்சபைச் சங்கங்களின் கடிதத் தொகுதிகள் ஆகியவை ஒருங்கே ஒப்பிடப்பெற்று, விண்ணப்பங்களின் தமிழ் மூலம் முழுமையாகப் பதிப்பிக்கப்பெறல் வேண்டும். ஆங்கில வழியாகவே சாஸ்திரியாரின் சாதி எழுத்துகளை நாம் மேற்கோள் காட்டிவருவது தமிழாய்வுக்குப் பெருமையன்று. அவர் எச்சொல்லை எங்கே ஆண்டார், 'சாதி' என்றாரா 'குலம்' என்றாரா, 'ஆசாரம்' என்பதை எப்பொருளில் கையாண்டார் என்பன மூலத்தில்தான் விளங்கும். பதிப்பிக்கத் தயங்குவோர் அவர் புகழுக்கு இழுக்கு நேரும் என்று அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அவர் பாடல்களின் ஆற்றலை நம்பாமையினின்று பிறப்பது.

அதனினும் கடினமான தேடல் மற்றொன்று. 1853க்குப் பின் மதுரை, திண்டுக்கல் சீமைச் சிற்றூர்ச் சபைகளில் அக்கீர்த்தனைகளை முதன்முதலில் கற்றுப் பாடியவர் யாவர்? அவர்களுள் தஞ்சைக் கோயிலில் மறுபுறம் அமர்த்தப்பட்ட வகுப்பினர் எத்துணைப் பேர்? ஊழியரின் ஆண்டறிக்கைகளிலும் சபைப் பதிவேடுகளிலும் ஊர்ப்பெயரும் உபதேசியார் பெயரும் உள்ளன. முதியோர் நினைவில் எந்த ஊரில் எந்தக் கீர்த்தனை எந்த மெட்டில் வழங்கியது என்னும் செய்தி இன்னும் சிறிது எஞ்சியிருக்கின்றது. சில ஊர்களில் சாஸ்திரியார் அமைத்த இராகம் மறைந்து, ஊரார் மெட்டு அதன்மேல் ஏறியுள்ளது. அம்மெட்டை ஏற்றியவர் பெயர் எத்தொகுதியிலும் அச்சாகவில்லை. அப்பெயர்களைத் தேடித் தொகுக்கும் பணி இன்னும் தொடங்கப்பெறவில்லை.